கொடிக்கம்பம் இல்லாத கட்சியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். குடிமையியலில் அரசியல் கட்சிகள் பாடம் வந்தாலே வகுப்பு இரண்டுபட்டுவிடுகிறது. “எங்கப்பா கிளைச் செயலாளர் டீச்சர்” என்று ஒருவன் எழுகிறான். கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவன் விசிலடிக்கிறான். “வம்பு வேண்டாம், புத்தகத்தை வாசித்து முடித்துவிடுங்கள்” என்கிறார் தலைமையாசிரியர். கொள்கைகளை எப்படித்தான் நடத்துவது?

பதில்: தலைமையாசிரியர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் வாசித்து முடித்தால் பிள்ளைகள் மனதில் தங்குவது தொடங்கிய ஆண்டும் தலைவர் பெயரும் சின்னமும்தான். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஒரு கட்சி ஏன் இருக்கிறது என்று புரிவதற்குப் போதாது.

உங்கள் ஊரில் இப்போது கொடிக்கம்பம் இல்லாத கட்சி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நான் வழக்கமாக எடுப்பது சுதந்திராக் கட்சி. 1959-ல் ராஜாஜி முன்னின்று தொடங்கினார், என்.ஜி. ரங்கா தலைவர், மினூ மசானி உடன் நின்றார். 1967-ல் மக்களவையில் 44 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சியாக இருந்தது, 1974-ல் வேறொரு கட்சியில் கரைந்துபோனது. உங்கள் வகுப்பில் யார் அப்பாவும் அதில் கிளைச் செயலாளர் இல்லை.

அந்தக் கட்சி பிறந்த கதையையே பாடமாக்கலாம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், இனி கூட்டுறவுப் பண்ணைதான் வேளாண்மையின் வழி என்று தீர்மானம் போட்டது. நிலத்தின் மேல் உரிமை அவரவருக்கே. ஆனால் எல்லார் நிலத்தையும் சேர்த்து ஒன்றாகப் பயிர் செய்து, விளைச்சலைப் பங்கிட வேண்டும். இதை எதிர்த்துத்தான் சுதந்திராக் கட்சி பிறந்தது. கட்சிப் பெயரையே எடுக்காமல் இதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “உங்க வயலையும் பக்கத்து வயலையும் சேர்த்துடலாம்னா வீட்டுல ஒத்துக்குவாங்களா?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு பெண் “வரப்புச் சண்டை தீரும் சார்” என்றாள். “நாங்க களை எடுப்போம், அவங்க சும்மா உட்கார்ந்து பங்கு வாங்குவாங்களா?” என்று உடனே மறுத்தான் ஒருவன். நிலமே இல்லாத வீட்டுப் பையன் ஒருவன், “எங்களுக்கு அதுல என்ன பங்கு?” என்றான். அரைமணி நேரம் ஓடியது. சொத்து, சமத்துவம், உழைப்பு, அரசு எதுவரை தலையிடலாம் என்று கொள்கைச் சண்டைகள் அத்தனையும் அந்த மூன்று வாய்களிலேயே வந்துவிட்டன. பிறகுதான் “நீ சொன்னதை ராஜாஜி சொன்னார், நீ சொன்னது நேரு பக்கம், உன் கேள்வியைக் கம்யூனிஸ்ட்டுகள் கேட்டார்கள்” என்று பெயர்களை ஒட்டினேன். உங்கள் கிளைச் செயலாளர் மகனைச் சுதந்திராக் கட்சிக்காகப் பேசவிடுங்கள். பேச்சு அவனுக்கு வீட்டிலேயே வந்திருக்கும்.

அடுத்த வகுப்புக்கு 1967 தேர்தல். தொழிலில் அரசின் பிடி தளர வேண்டும் என்ற சுதந்திராவும், அதற்கு நேர் எதிரான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்டும், தி.மு.க.வோடு ஒரே அணியில் நின்று காங்கிரஸைத் தோற்கடித்தன. “அப்போ கொள்கை பொய்யா டீச்சர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். கூட்டணி என்பது யாரைத் தோற்கடிப்பது என்பதில் வரும் ஒற்றுமை. ஜெயித்த பிறகு என்ன செய்வது என்பதில் அது வராமலும் போகலாம். அந்தத் தேர்தலில் தி.மு.க. சொன்ன ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’யையும் சேர்த்துப் பேசுங்கள். வாக்குறுதி வேறு, கொள்கை வேறு என்பது அரிசியை வைத்துச் சொன்னால் பிடிபடும்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, பதிவு கேட்கும் ஒவ்வொரு கட்சியும் அரசமைப்புக்கும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் கட்டுப்படுவதாகத் தன் விதிகளில் எழுத வேண்டும். சுதந்திராக் கட்சி இன்று இருந்தால் கையெழுத்துப் போடுமா? பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதில் காட்டும் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஆன பிறகு உயிரோடிருக்கும் கட்சிகளுக்கு வாருங்கள். கட்சிக்கு ஒரு பாடம் என்று பிரிக்காமல், ஒரு பிரச்சினையை நடுவில் வையுங்கள். சத்துணவில் தொடங்கினால் உங்களுக்குச் சுலபம். நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்து, 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., பிறகு கருணாநிதி காலத்து முட்டை, 2022-ல் காலை உணவு என ஒருவர் போட்ட இலையில் அடுத்தவர் பரிமாறியிருக்கிறார். தட்டு ஏந்தும் பிள்ளைகளே இதற்குச் சாட்சி. இடது, வலது என்ற அளவுகோலை இங்கே ரொம்ப இழுக்காதீர்கள். நம் ஊர்க் கட்சிகள் அதில் ஒழுங்காக உட்காராது.

வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் மொழி. 1968 ஜனவரி 23 சட்டமன்றத்தின் இருமொழித் தீர்மானத்தையும், 2020 தேசியக் கல்விக் கொள்கையில் மும்மொழி பற்றிய பகுதியையும் நகலெடுத்து, யார் எழுதியது என்பதைத் தாள் ஒட்டி மறைத்துக் கொடுங்கள். காரணங்களைப் பட்டியலிடட்டும். கட்சிகள் நிலை மாற்றுவதையும் மறைக்காதீர்கள்: திராவிட நாடு கோரிக்கையை 1963-ல் தி.மு.க. கைவிட்டது ஏன் என்று கேட்டால், பிரிவினை கேட்பதைத் தடுக்க வந்த பதினாறாவது அரசமைப்புத் திருத்தம் தானாகவே பேச்சுக்கு வரும்.

உங்கள் கையில் இருக்கும் பாடப்புத்தகம் பழைய பதிப்பா என்று ஒருமுறை பாருங்கள். 2023 ஏப்ரலில் ஆம் ஆத்மி தேசியக் கட்சியானது. இந்தியக் கம்யூனிஸ்ட், திரிணமூல், தேசியவாத காங்கிரஸ் மூன்றும் அந்தத் தகுதியை இழந்தன.

“உங்க வீட்டுல எந்தக் கட்சி?” என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். “நீங்க யாருக்கு டீச்சர் ஓட்டு?” என்று உங்களைக் கேட்டால், வாக்குச்சாவடியில் அட்டைத் தடுப்பு எதற்கு வைக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள், ரகசிய வாக்குரிமைப் பாடமும் முடிந்தது. அரசுப் பணியாளர் நடத்தை விதிகளும் உங்களிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் மட்டும் பாடத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வரைபடப் பயிற்சி எப்படியும் பாக்கி இருக்கும்.