சரள் பாதையில் சைக்கிள்: பத்தமடைப் பக்கத்திலிருந்து சில பதில்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் பத்தமடைக்கும் மேலச்செவலுக்கும் நடுவில் குடியிருக்கிறேன். பதினோரு வருஷமாக வாய்க்கால் கரை, குளத்துக்கரை, சரள் ரோடு என்று மிதித்துக்கொண்டிருக்கிறேன். கிராவல் பைக், அதாவது தார் ரோட்டிலும் மண் பாதையிலும் ஒன்றுபோல் ஓடும் அகல டயர் சைக்கிள் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையில் வேலை, சொந்த ஊர் வீரவநல்லூர். ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்காக ஒன்றரை லட்சம் போட்டு கிராவல் பைக் வாங்கலாமா அண்ணாச்சி?

வாங்க வேண்டாம் தம்பி, இப்போதைக்கு. வீட்டுத் திண்ணையில் அப்பாவின் பழைய சைக்கிள் சாய்ந்து கிடக்கிறதா? அதன் டயர் 28 × 1½ அங்குலம். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். லட்ச ரூபாய் வண்டியிலும் 38, 40 மில்லிமீட்டர் டயர்தான் வருகிறது. அமெரிக்காவில் கான்சாஸ் பக்கம் எம்போரியாவில் 2006இல் 200 மைல் சரள் பந்தயம் தொடங்கி, அதிலிருந்தெல்லாம் இந்த மோகம் பரவியது. நம் பால்காரரும் தபால்காரரும் அதற்கு முன்பே அதே அகல டயரில் அதே மாதிரி ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பழைய வண்டியின் குறை பிரேக்தான். கம்பி பிரேக் குளத்துக்கரைச் சரிவில் நிற்காது. கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். கியர் இல்லாதது பெரிய விஷயமில்லை. ஆற்றுப் பாசனப் பகுதி முழுக்கச் சமதளம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

முதல் தடவை வருகிறேன், திருநெல்வேலியிலிருந்து. ஒரு நல்ல பாதை சொல்லுங்கள்.

கன்னடியன் கால்வாய். தாமிரபரணியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அணைக்கட்டில் பிரிந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வருகிறது. செங்கோட்டை போகும் ரயிலில் சேரன்மகாதேவியில் இறங்கி, கால்வாயைக் கேட்டுப் பிடித்து, தண்ணீர் போகும் திசையிலேயே கிழக்கே வாருங்கள். இங்கே தண்ணீர் போன பக்கம்தான் பாதையும் போகும். கால்வாயிலிருந்து மடை, மடையிலிருந்து குளம், குளம் நிறைந்தால் மறுகால், மறுகாலுக்கு அடுத்த குளம். இந்தச் சங்கிலி பிடிபட்டுவிட்டால் மேப் தேவையில்லை.

கரை ஒரே சீராக இருக்காது. சில இடத்தில் நல்ல சரள். சில இடத்தில் டிராக்டரின் கேஜ் வீல், அதாவது சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம், ஏறி இறங்கிய தடம் காய்ந்து, முன் சக்கரம் அதற்குள் மாட்டினால் ஹேண்டிலைத் திருப்பவே முடியாது. அப்படியே ஒருமுறை வாழைத்தோப்புக்குள் போய் விழுந்தேன். விழுந்தவனைத் தூக்கும் முன்னால் வாழையைத்தான் பார்த்தார் தோட்டக்காரர். நியாயம்தான், குலை தள்ளிய வாழை.

ஒன்று முக்கியம். காலை ஆறிலிருந்து எட்டு வரை படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள். படித்துறை வருவதற்கு முன்பே கரையை விட்டு இறங்கித் தெரு வழியாகச் சுற்றிப் போங்கள். பெல் அடித்துக்கொண்டே கடந்து போவது மரியாதை ஆகாது. தெருவில் நெல் காயப்போட்டிருந்தால் இறங்கி உருட்டுங்கள்.

பஞ்சர் பற்றிச் சொல்லுங்கள். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரே நாளில் மூன்று.

மூன்றுதானே! எனக்கு அங்கே நான்கு. ஆற்றுப் பாசனத்தைத் தாண்டித் தெற்கே மானாவாரிக்குள் போனதும் உடைமரம் தொடங்கிவிடும். குடை விரித்த மாதிரி நிற்கும், பார்க்க அழகு. முள் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, ஊசி மாதிரி. வேலி அடைக்க வெட்டிப் போடும் கிளையிலிருந்து ஒன்று பாதையில் விழுந்தால் போதும். சீமைக்கருவேல முள் இன்னும் மோசம். டயருக்குள் நுனி ஒடிந்து நின்றுவிடும். டியூபை ஒட்டிப் போட்ட பத்து நிமிஷத்தில் அதே இடத்தில் மறுபடி குத்தும். என் நான்கில் இரண்டு அப்படி வந்தவைதான்.

அதனால் டியூபை மாட்டும் முன் டயர் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள். வெறும் விரலால் தடவாதீர்கள். பையில் புருவம் பிடுங்கும் இடுக்கி ஒன்று இருக்கட்டும். டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்ட் திரவமும் இருந்தால் இந்த முள்ளெல்லாம் பெரும்பாலும் தானாக அடைத்துக்கொள்ளும். ஆனால் நம்மூர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று: விலை கூடிய வண்டிகளின் ஒல்லி வால்வுக்கு ஊர்க்கடை பம்ப் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள். கடைக்காரர் பாசத்தில் கல்லு மாதிரி காற்றடித்துத் தருவார். பாதிக்குப் பாதி இறக்கிவிடுங்கள். டியூப் போட்ட 40 மி.மீ. டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் சரி.

எந்த மாதம் நல்லது?

தை முதல் பங்குனி வரை. பிசான நெல் பச்சையாக நின்று பழுத்து அறுப்பாகும் காலம், குளத்தில் தண்ணீர் இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை. ஆற்றோரம் சமாளிக்கலாம். ஆனால் மானூர், கங்கைகொண்டான் பக்கக் கரிசலுக்குள் மழைக்குப் பிறகு போகவே வேண்டாம். மண் டயரில் அப்பி, மட்கார்டில் அடைத்து, சக்கரம் சுற்றாது. வண்டியைத் தோளில் சுமந்துதான் வர வேண்டும்.

ஆனி, ஆடியில் வெயில் குறைவு, காற்று அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆளைத் தள்ளும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டார்கள்? காலையில் காற்று எழும்பும் முன் மேற்கே போய்விடுங்கள். திரும்பும்போது அதுவே முதுகில் கை வைத்துக் கொண்டுவந்து விடும். நான் ஒருமுறை தலைகீழாகத் திட்டம் போட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் வர இரண்டு மணி நேரம் ஆனது.

கூந்தன்குளத்துக்குச் சைக்கிளில் போகலாமா?

போகலாம், போகவும் வேண்டும். மூலைக்கரைப்பட்டி வழி. 1994இல் சரணாலயம் ஆனது. ஊர்க்காரர்கள் அதற்கும் முன்பிருந்தே காப்பாற்றி வருகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரை தெருவுக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். குஞ்சுகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் பூநாரையும் குளத்துக்கு வரும். அந்த ஊருக்குள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சைக்கிள் சத்தமில்லாத வண்டி. அதைக் கெடுக்க வேண்டாம்.

விஜயநாராயணம் பக்கம் போனால்?

அங்கே கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம் இருக்கிறது. வேலி ஓரம் போகாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். அதன் ரேடியோ கம்பங்கள் 470 மீட்டருக்கு மேல் உயரம்; நாங்குநேரிச் சுற்றுவட்டாரத்தில் வழி தவறினால் எனக்கு அவைதான் திசைகாட்டி.

தேரிக்காட்டில் ஓட்டலாமா? மாஞ்சோலைக்கு?

தேரியில் ஓட்ட முடியாது, தள்ளலாம். செம்மணலில் பாதி சக்கரம் புதையும். திசையன்விளைப் பக்கம் விளிம்பிலேயே பனங்காட்டுப் பாதைகள் இருக்கின்றன, அவை போதும். மாஞ்சோலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்டுகிற யோசனையே வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன் அண்ணாச்சி. பெண் தனியாக வரலாமா? நாய்கள்?

வரலாம் தாயி. முதல் தடவை மட்டும் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து பாதையைப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் தனியாக வரும்போது ஊரை ஒட்டிய கரையாகப் பார்த்து வாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் "எங்க போறிய, யாரு வீட்டுக்கு?" என்று கேட்பார்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். அந்த ஆச்சிதான் நீங்கள் திரும்பி வரவில்லையென்றால் தேடச் சொல்லுவாள். இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிடுங்கள். மானாவாரிக் காட்டில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் பாதையோரமே கிடக்கின்றன.

தெருநாய் துரத்தினால் இறங்கி நில்லுங்கள், வண்டியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். ஆட்டுக்கிடை நாய் வேறு ரகம். கிடை தெரிந்ததுமே தூரத்தில் நின்று கோனாரைக் கூப்பிடுங்கள்.

வழியில் பதனீர் குடித்துவிட்டு ஓட்டலாமா?

காலை ஒன்பதுக்குள் குடித்தால் ஓட்டலாம். அதற்கு மேல் நுங்கு கேளுங்கள். பதனீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், ஓலை ஓரம் உதட்டைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லறை கொண்டு போங்கள்.