சம்பந்தி வீட்டார் ரோஷ் ஹஷானா விருந்துக்கு வருகிறார்கள்: மெனுவில் எதை மாற்றுவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் ஒரு யூதக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்திருக்கிறாள். 2026 செப்டம்பரில் வரும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாள் இரவுச் சாப்பாட்டை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன். மொத்தம் பத்துப் பேர். "பிரிஸ்கெட்டை நான் செய்து கொண்டுவருகிறேன், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் சம்பந்தியம்மா. அவர்கள் பன்றிக்கறி தொடமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும். நான் யோசித்து வைத்திருப்பது: வந்ததும் வெண்ணெய் முறுக்கு, அப்புறம் இறால் வறுவல், முந்திரி போட்ட நெய்ச்சோறு, பனீர் பட்டர் மசாலா, சாம்பார், தயிர்ப் பச்சடி, பால் பாயசம். கடைசியில் காபி. இது சரிவருமா?

பதில்: பிரிஸ்கெட் வருகிறது என்றால், உங்கள் பட்டியலில் அதன் பக்கத்தில் உட்காரக்கூடியது சாம்பார் ஒன்றுதான். அதையும் நான் எடுத்துவிடத்தான் சொல்வேன், காரணம் பிறகு. ஆனால் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு சமைக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கைவந்த சமையலிலேயே இந்தப் பண்டிகைக்குப் பொருந்துவது நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு சங்கடமான விஷயம். பிரிஸ்கெட் என்பது மாட்டின் மார்புக்கறி. உங்கள் வீட்டில் மாட்டுக்கறி புழங்கும் என்றால் பிரச்சினை இல்லை. புழங்காது என்றால் இப்போதே மாப்பிள்ளை மூலம் சொல்லிவிடுங்கள். பண்டிகையன்று வாசலில் பாத்திரத்தோடு நிற்கும்போது முகம் மாறுவதைவிட இது எவ்வளவோ மேல். அப்படி மாட்டுக்கறி வேண்டாம் என்று முடிவானால் கோழியையும் சேர்த்தே விட்டுவிட்டு, மீனை முக்கிய உணவாக வையுங்கள். அப்போது நெய்ச்சோறும் பால் பாயசமும் காபியும் அப்படியே திரும்பி வந்துவிடும். மீனையும் பாலையும் சேர்க்காத யூதக் குடும்பங்களும் உண்டு என்பதால், அதை மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் கறி இருந்தால் இதெல்லாம் போகிறது? ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்று பைபிளின் யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் மொத்தம் மூன்று இடத்தில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்த விதிதான் கறியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது என்பது. பால் என்றால் தயிர், மோர், வெண்ணெய், பனீர், நெய் எல்லாமே. நம் ஆட்கள் கோட்டைவிடுவது நெய்யில்தான். நமக்கு நெய் ஒரு பால் பொருளாகவே மனதில் பதிவதில்லை. தாளிக்கிற கை தன்னால் நெய்க்குப் போய்விடும். அன்றைக்கு நெய் ஜாடியைச் சமையலறையிலிருந்தே தூக்கி வைத்துவிடுங்கள். கறி சாப்பிட்ட பிறகு பால் சேர்க்க ஆறு மணி நேரம் காத்திருப்பவர்கள் உண்டு, மூன்று மணி நேரத்தோடு நிறுத்துபவர்களும் உண்டு. எப்படியும் உங்கள் பாயசத்துக்கும் காபிக்கும் அந்த இரவு இடமில்லை.

கறியும் இல்லாத பாலும் இல்லாத பண்டங்களைப் 'பரேவ்' என்பார்கள். காய், பருப்பு, அரிசி, பழம், முட்டை, எண்ணெய், மீன் எல்லாம் இதில் அடக்கம். தேங்காய்ப்பாலும் இதில்தான் வருகிறது, உங்களைக் காப்பாற்றப்போவதும் அதுதான். கொச்சி யூதர்கள் காலங்காலமாகக் கறியையும் மீனையும் தேங்காய்ப்பாலில் சமைத்து வந்தவர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: டின்னில் வருவதையோ நீங்களே பிழிந்ததையோ பயன்படுத்துங்கள். தேங்காய்ப்பால் பவுடர் பலவற்றில் கேசினேட் என்ற பால் புரதம் கலந்திருக்கும். பரிமாறும்போது "இது தேங்காய்ப்பால்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பார்வைக்கு அசல் பால் மாதிரியே இருக்கும் என்பதால். கறியைப் பாதாம்பாலில் சமைத்தால், பார்ப்பவர்கள் தப்பாக நினைக்காமல் இருக்கப் பக்கத்தில் கொஞ்சம் பாதாம் வைப்பது அவர்களிடம் பழைய வழக்கம்.

மெனுவைத் தொடுவதற்கு முன் மாப்பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டில் கறிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்களா? வெளியே சாதாரண ஹோட்டலில் சாப்பிடுவார்களா? அன்று பொழுது சாய்ந்த பிறகு கார் ஓட்டுவார்களா? 2026-இல் பண்டிகை தொடங்குவது செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை. அவர்களுக்கு நாள் சூரிய அஸ்தமனத்தில் பிறக்கிறது, அதோடு சபாத் என்ற வார ஓய்வுநாளும் சேர்ந்துகொள்கிறது. ஆசாரமானவர்கள் அதற்குப் பிறகு கார் எடுக்க மாட்டார்கள், அடுப்பும் பற்றவைக்க மாட்டார்கள். ஆகவே சாப்பிட்டுவிட்டு இரவே காரில் திரும்பப்போகிறார்கள் என்றால், பன்றி, இறால், கறியோடு பால் இவற்றை மட்டும் தவிர்க்கிற குடும்பமாக இருக்கும் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்கு. வருகிறவர்களில் யாராவது கறாராகக் கோஷர் (யூத உணவு விதிகள்) பார்ப்பவர் என்றால், உங்கள் பாத்திரத்தில் நீங்கள் சமைத்ததை, அது வெறும் காயாகவே இருந்தாலும், அவரால் சாப்பிட முடியாது. அவருக்குக் கோஷர் கடையிலிருந்து முத்திரையோடு மூடிய சாப்பாடு வாங்கி, மூடியபடியே கொடுங்கள். பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் ஸ்பூனும் வையுங்கள். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி மெனு. வந்தவர்கள் கையில் உடனே முறுக்குத் தட்டைக் கொடுக்காதீர்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, திராட்சை மதுவின் மேல் 'கிடூஷ்' என்ற ஆசியைச் சொல்லி, ரொட்டி பிட்ட பிறகுதான் சாப்பாடு தொடங்கும். நம் வழக்கப்படி வந்தவர்களை வெறும் வாயோடு உட்காரவைப்பது உறுத்தத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் முறுக்கு எப்படியும் பால் கணக்கு.

ரொட்டியை நீங்கள் சுட வேண்டாம், வாங்குங்கள். 'ஹல்லா' என்பது முட்டையும் எண்ணெயும் சேர்த்த ரொட்டி. இந்தப் பண்டிகைக்கு வழக்கமான நீளப் பின்னலாக இல்லாமல் உருண்டையாக, சிலசமயம் உலர்திராட்சை போட்டுச் செய்வார்கள். யூதர்கள் வசிக்கும் பகுதியின் பேக்கரிகளில் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு வேண்டும். கிடூஷ் முடியும்வரை ஒரு துணியால் மூடி வைப்பது முறை. பாக்கெட்டில் வட்டத்துக்குள் யூ எழுத்து இருந்தால் கோஷர் சான்றிதழ் பெற்றது. பக்கத்தில் டி இருந்தால் பால் கணக்கில் வரும், வாங்காதீர்கள். மதுவும் கோஷர் மது, குழந்தைகளுக்குக் கோஷர் திராட்சை ஜூஸ். இந்த இரண்டையும் சம்பந்தியையே கொண்டுவரச் சொல்லலாம், சந்தோஷமாகச் செய்வார்.

அடுத்தது தேனில் தொட்ட ஆப்பிள். பத்துப் பேருக்கு நாலு ஆப்பிள் போதும். வெட்டி வைத்தால் கறுக்கும் என்று எலுமிச்சைச் சாறு பிழியாதீர்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் தேன் கரைத்து, துண்டுகளைச் சில நிமிடம் போட்டு எடுத்தால் நிறம் நிற்கும். எலுமிச்சை ஏன் வேண்டாம் என்றால், வருஷம் இனிப்பாகத் தொடங்க வேண்டும் என்று இந்த இரவில் புளிப்பையும் வினிகரையும் தவிர்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். சாம்பாரை எடுக்கச் சொன்னது இதனால்தான். இது சட்டமில்லை, வழக்கம்தான். ஆனாலும் புளியும் ஊறுகாயும் இல்லாத ஒரு இரவை நாம் தாங்கமாட்டோமா என்ன! அதேபோல ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசி யூதர்கள் பலர் இன்று கொட்டை வகைகளையும் தொடுவதில்லை. முந்திரியையும் விட்டுவிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யூதச் சட்ட நூலான தல்மூதில் அபாயே என்ற ரபி (மத அறிஞர்), வருஷப் பிறப்பன்று சாப்பிட ஐந்து பொருளைச் சொல்கிறார்: சுரை, 'ரூபியா', லீக்ஸ், பீட் கீரை, பேரீச்சை. ஒவ்வொன்றின் பெயரும் ஒரு வேண்டுதலை நினைவூட்டும், சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிடுவார்கள். ரூபியா என்பதைப் பலரும் காராமணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி அதை வெந்தயம் என்கிறார். சுரைக்குப் பதில் பூசணி வைப்பவர்களும் உண்டு. காராமணி, பூசணி, தேங்காய்ப்பால் என்றதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டுமே? ஓலன்தான். நாகர்கோவில், பாலக்காட்டுப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாக வைக்கிற பதார்த்தம், இங்கே இரண்டு சுபப் பொருளை ஒரே கிண்ணத்தில் கொண்டுவந்துவிடுகிறது. புளி இல்லை, பால் இல்லை, முந்திரி இல்லை. பனீர் மசாலாவின் இடத்தில் இதை வையுங்கள்.

பத்துப் பேருக்கு ஒரு கப் காராமணியை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். மறுநாள் உடையாமல் வேகவைத்து, முக்கால் கிலோ மஞ்சள் பூசணித் துண்டுகளையும் கீறிய பச்சை மிளகாயையும் சேருங்கள். விருந்தினரை நினைத்து மிளகாய் நான்கோடு நிற்கட்டும். பூசணி நகம் பட்டால் அழுந்தும் பதத்துக்கு வந்ததும் இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கெட்டிப்பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். மேலே கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, இரண்டு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெயை விட்டு மூடிவிடுங்கள். டின் பால் என்றால் 400 மில்லி டின் இரண்டு போதும். ஒன்றில் தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாக வைத்துக்கொள்ளலாம்.

ராஷிக்கு மரியாதையாக வெந்தயக்கீரைப் பருப்புக் கூட்டு ஒன்று செய்யலாம். தாளிப்பு எண்ணெயில் மட்டும். கீரையில் பூச்சி இருக்கக் கூடாது என்பதில் அவர்கள் கறாரானவர்கள், ஆகவே இலையை விரித்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். பேரீச்சையையும் பிளந்து உள்ளே பார்த்துவிட்டு வையுங்கள். ஒரு கிண்ணம் மாதுளை முத்தும் இருக்கட்டும்.

இறாலுக்குப் பதில் மீன். துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் செல்லும். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி எதுவும் ஆகாது. சால்மன் எல்லாருக்கும் சம்மதமான மீன். கறியை முக்கிய உணவாகச் சாப்பிடப்போவதால் ஆளுக்கு 120 கிராம், மொத்தம் ஒன்றேகால் கிலோ போதும். மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு தடவி எண்ணெயில் லேசாக வறுத்தெடுங்கள். இதைக் கறிக்கு முன்னால் தனித் தட்டில் பரிமாறி, அந்தத் தட்டுகளை எடுத்த பிறகே பிரிஸ்கெட்டை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். மீனும் கறியும் ஒரே தட்டில் சேர்வதில்லை. வாலாக இல்லாமல் தலையாக இருப்போம் என்று மீன் தலை ஒன்றை மேசையில் வைக்கிற வழக்கமும் இருக்கிறது. சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் அதைக் கண்டு முகம் சுளிக்கலாம். நம் வீட்டில் அதற்குப் போட்டி நடக்கும்!

நெய்ச்சோறு தேங்காய்ப்பால் சோறாகட்டும். ரொட்டியும் இருப்பதால் முக்கால் கிலோ அரிசி தாராளம். பச்சடியை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. பிரிஸ்கெட் பெரும்பாலும் முதல் நாளே வெந்து, அறுத்து, சாற்றோடு வரும். அதுதான் ருசியும். அதே பாத்திரத்தில் இறுக்க மூடி, 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் சூடாக்கினால் போதும். அந்த நேரத்தில் ஓவனில் வேறெதுவும் இருக்கக் கூடாது. மெழுகுவர்த்தி ஏழு மணிக்குச் சற்று முன்பே ஏற்றிவிடுவார்கள். ஆறு மணிக்குள் உங்கள் சமையல் முடிந்திருக்கட்டும்.

இனிப்புக்கு, பாசிப்பருப்புப் பாயசத்தை வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்டுச் செய்து, தேங்காய்ப் பல்லைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்துக் கொட்டுங்கள். என்னைக் கேட்டால் இதைவிட ஒரு படி மேல் மஸ்கோத் அல்வா. தூத்துக்குடி மாவட்டம் முதலூரில் கோதுமைப் பாலையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்துக் கிண்டுகிறார்களே, அதே. ஒரு துளி நெய் கிடையாது. மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் ரோஷ் ஹஷானாவுக்கென்றே கோதுமைப் பாலிலும் தேங்காய்ப்பாலிலும் இதற்கு உறவான ஒரு அல்வா கிண்டுகிறார்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் வாங்கிவரச் சொல்லலாம், ஆனால் கடை அல்வாவில் முந்திரி இருக்கும். வீட்டில் கிண்டினால் முந்திரி இல்லாமல் கிண்டலாம், கையும் வலிக்கும். எதைச் செய்தாலும், "நான் தேன் கேக் கொண்டுவரட்டுமா?" என்று சம்பந்தியம்மா கேட்டால் சரி என்றே சொல்லுங்கள்.

காபி கேட்பவர்களுக்குக் கடுங்காபி. பால் மாதிரி ஏதாவது வேண்டுமென்றால், பரேவ் என்று போட்ட ஓட்ஸ் பால். அதுவும் பிடிக்காதென்றால் இஞ்சி தட்டிப்போட்ட கருப்பட்டிக் காபி கொடுங்கள், அதற்குப் பால் தேவையே படாது.

இன்னொன்று. பண்டிகை இரண்டு நாள். இரண்டாம் இரவில், அந்த சீசனில் அதுவரை சாப்பிடாத புதுப் பழம் ஒன்றை மேசையில் வைப்பது வழக்கம். மாதுளை எல்லார் வீட்டிலும் இருக்கும். நீங்கள் இந்தியக் கடையில் சீதாப்பழமோ ரம்புட்டானோ கிடைத்தால் வாங்கி, அவர்கள் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்புங்கள். பழம் முழுசாக, வெட்டாமல் இருக்கட்டும்.