வெள்ளாமை வெட்டும் உடன்படிக்கையும்

கேள்வி: புதுவருட முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையில் என்னை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன். மாசியில் வெள்ளாமை வெட்டுத் தொடங்கினால் ஜெபமும் இல்லை, வேதமும் இல்லை. திரும்பவும் அதையே சொல்ல வாய் கூசுகிறது. இனிச் சொல்லாமல் விடவா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: விடாதீர்கள் ஐயா. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755இல் ஆரம்பித்த இந்த ஆராதனையை மெதடிஸ்த சபையார் வருடாவருடம் நடத்துவதே, ஒருமுறை சொன்னது தேய்ந்துபோகும் என்பதால்தான்.

2 நாளாகமம் 25ஐ வாசியுங்கள். அமத்சியா ராஜா செம்மையானதைச் செய்தான், ஆனால் முழுமனதோடே அல்ல. கூலிப்படைக்குக் கொடுத்த 100 தாலந்து வெள்ளி போனாலும் போகட்டும் என்று தேவமனுஷன் சொல் கேட்டுப் படையைத் திருப்பி அனுப்பினான். அதே மனிதன் ஏதோமியரை வென்றதும் அவர்களுடைய தெய்வங்களைக் கொண்டுவந்து வணங்கினான். நட்டத்தில் கீழ்ப்படிந்தவன் வெற்றியில் சறுக்கினான். உங்களுக்கு வெட்டுக் காலம்தான் அந்த இடம். ஆகவே கதிர் பச்சையாக நிற்கும்போதே, தையிலேயே, சிலதைத் தீர்மானியுங்கள்.

ஜெபத்தை இரவுக்கு வைக்காதீர்கள். வட்டையால் (வயல்வெளியால்) வந்த உடம்பு தூங்கிவிடும். விடியப் புறப்படுமுன் 10 நிமிடம் போதும். "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்ற சங்கீதம் 86:11ஐ அந்த நாட்கள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயலாதீர்கள்; அந்தப் பாரத்தில்தான் பலர் அடியோடு விடுகிறார்கள்.

வெட்டு மெஷின்காரரிடம் நாள் கேட்கும்போதே ஞாயிறு காலை வேண்டாம் என்று சொல்லுங்கள். அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருக்கச் சொல்கிறது யாத்திராகமம் 34:21. மழை இருட்டிக்கொண்டு வந்து நெல் அழியப்போகிறதென்றால் வெட்டுங்கள்; ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்குவதை இயேசுவும் குற்றமாக எண்ணவில்லை.

காசு விஷயத்தில்தான் மனம் பிளக்கிறது. நெல் விற்ற அன்றே காணிக்கையைத் தனி உறையில் போடுங்கள். உரக்கடன், மெஷின் கூலி எல்லாம் கழித்த பிறகு பார்ப்போம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. அதற்கும் முந்தியது வேலையாட்களின் கூலி. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). அதைக் கொடுக்காமல் உறையை நிரப்பிப் பயனில்லை.

கேள்வி: எனக்குச் சீனி வருத்தம். தவக்காலத்தில் உபவாசம் இருக்காவிட்டால் என் ஒப்புக்கொடுத்தல் குறைந்ததா?
- வாசகி, கல்லடி

பதில்: இல்லை அம்மா. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். தானியேல் 3 வாரம் உணவில் ருசியானதையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் மட்டும் விலக்கினார் (10:3). நேரத்துக்குச் சாப்பிட்டு, மீனையும் இறைச்சியையும் விடுங்கள். மிஞ்சும் காசை இல்லாதவருக்குக் கொடுங்கள்.