கடைசியாகப் போகிறவர் பூட்ட வேண்டும்: ரெஃபரன்ஸ் கவுண்ட் பற்றிய உங்கள் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரல் எழுதப் பழகுகிறவர்கள் இந்த வாரம் அனுப்பியதில் ரெஃபரன்ஸ் கவுண்ட், அதாவது மெமரியில் உள்ள ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, சம்பந்தமான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பழக்கம் லினக்ஸ் டிரைவர்கள்தான், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே.

லாஸ்பேட்டை மாணவி: அண்ணா, வேலை முடிந்ததும் மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீ கூப்பிட்டால் போதாதா? எதற்கு எண்ணிக்கை?

உனக்கு மட்டும் சொந்தமான பொருள் என்றால் போதும்மா. பலர் பிடித்திருந்தால்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை நாம் கூடுகிற முதலியார்பேட்டை மாடி அறையை எடுத்துக்கொள், யார் எப்போது கிளம்புவார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கடைசியாகப் போகிறவர் பூட்டுகிறார். யூஎஸ்பி கருவியும் அப்படித்தான்: ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்போதே ஒருவர் கேபிளைப் பிடுங்கிவிடுவார். அந்த நொடியே டிரைவர் தன் ஸ்ட்ரக்சரை விடுவித்துவிட்டால், புரோகிராம் அடுத்து ரீட் கேட்கும்போது கர்னல் செத்த மெமரியைத் தொடும். டிரைவருக்கு ஒரு கணக்கு, திறந்தவருக்கு ஒரு கணக்கு என்று வைத்தால், யார் கடைசியாக விடுகிறாரோ அவர் தன் கணக்கை விடும் புட்தான் ரிலீஸ் ஃபங்ஷனை ஓட்டும். லினக்ஸில் இந்தக் கணக்கை வைக்கும் கேரெஃப் செய்வது இவ்வளவுதான்: இனிட் செய்தால் 1, கெட் செய்தால் ஒன்று கூடும், புட் செய்தால் ஒன்று குறையும், பூஜ்யம் வந்தால் ரிலீஸ்.

வில்லியனூரிலிருந்து: சாதாரண இன்டிஜரை ++ செய்தால் என்ன?

இரண்டு சிபியு ஒரே சமயத்தில் 2 என்று படித்து, இரண்டும் 3 என்று எழுதும். வந்தவர் இருவர், கூடியது ஒன்று. அடாமிக் ஆக, அதாவது படிப்பதும் கூட்டுவதும் எழுதுவதும் இடையில் யாரும் புகாத ஒரே செயலாக, இருந்தே ஆக வேண்டும்.

அரியாங்குப்பம் தம்பி: கெட் எப்போது எடுப்பது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

பாயிண்டரை (பொருளின் முகவரியை) இன்னொரு த்ரெட்டிடம் (இணையாக ஓடும் வேலையிடம்) கொடுக்கப் போகிறாய் என்றால், கொடுப்பதற்கு *முன்பு* எடு. "அந்த த்ரெட் ஆரம்பித்ததும் அதுவே எடுத்துக்கொள்ளும்" என்று விடாதே, அது ஆரம்பிப்பதற்குள் நீ உன் புட்டைப் போட்டுவிட்டால் பொருளே இருக்காது. சரி, முன்கூட்டியே எடுத்துவிட்டாய், த்ரெட்டை உருவாக்குவதே தோற்றுப்போனால்? அப்போது அதற்காக எடுத்ததை நீதான் திருப்ப வேண்டும். இந்த எரர் பாதையில்தான் நானும் விழுந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் எழுதிய டிரைவரில் ஒரே ஒரு ரிட்டர்னுக்கு முன்னால் புட் விட்டுப்போய், பிழை வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு மிச்சமாகி, மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. அப்புறம் யாருடைய நிரலைப் பார்த்தாலும் முதலில் எரர் பாதைகளைத்தான் படிக்கிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து: லிஸ்டில் தேடி எடுக்கும் பொருளுக்கு கெட் போட்டும் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ (விடுவித்த மெமரியைத் தொடும் பிழை) வருகிறது சார். ஏன்?

நல்ல கேள்வி, பலர் சறுக்கும் இடம். கையில் ஏற்கெனவே ஒரு கணக்கு உள்ளவர்தான் தைரியமாக கெட் போடலாம். நீங்கள் லிஸ்டில் பாயிண்டரைப் பார்த்த நேரத்தில் இன்னொருவர் கடைசி புட்டைப் போட்டிருக்கலாம், அதாவது அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டில் கை வைத்துவிட்டார், நீங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "நானும் இருக்கிறேன்" என்கிறீர்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஏற்றினாலும் ரிலீஸ் நிற்காது.

வழி இரண்டு. லிஸ்டுக்கே ஒரு கணக்கு கொடுங்கள்; லாக்கை (ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டை) பிடித்துக்கொண்டு லிஸ்டிலிருந்து எடுத்த பிறகுதான் அந்தக் கணக்கை விட வேண்டும். அப்படியென்றால் லாக்கோடு தேடுகிறவருக்குக் கிடைக்கும் பொருளில் எண்ணிக்கை எப்போதும் 1-க்குக் குறையாது, சாதாரண கெட் போதும். லிஸ்ட் கணக்கு வைத்திருக்காத கேஷ் மாதிரி அமைப்பு என்றால், கேரெஃப் கெட் அன்லெஸ் ஜீரோ: பூஜ்யமாக இருந்தால் அது மறுத்துவிடும், நீங்கள் பொருள் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த எண்ணைப் படிக்கும்வரை மெமரி அங்கே இருக்க வேண்டுமே! அதற்கு லாக்கோ, படிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பதைத் தள்ளிப்போடும் ஆர்சியுவோ கட்டாயம். ஜன்னலில் நிற்கும்போது சுவரை இடித்துவிடக் கூடாது.

நெல்லித்தோப்பிலிருந்து: புட் மறந்தால் மெமரி வீண், அவ்வளவுதானே?

இல்லை. 2016 ஜனவரியில் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். கர்னலின் கீரிங் (சாவிகளை வைத்திருக்கும்) பகுதியில், ஏற்கெனவே இருக்கும் செஷன் கீரிங்கிலேயே மறுபடி சேர்ந்தால் ஒரு புட் விட்டுப்போகும். எண்ணிக்கை 32 பிட். 429 கோடி தடவைக்கு மேல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அது சுற்றி வந்து பூஜ்யமாகும், பயன்பாட்டில் உள்ள பொருள் விடுவிக்கப்படும், சாதாரண பயனர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆகலாம். கர்னல் 3.8-லிருந்தே இருந்த ஓட்டை. 2017-ல் 4.11-ல் வந்த ரெஃப்கவுண்ட்-டி என்ற எண்ணி வகை இதற்குத்தான்: எண் எல்லை மீறினால் சுற்றாமல் அங்கேயே உறைந்து எச்சரிக்கை போடும். பொருள் என்றென்றும் விடுபடாது, ஆனால் யாரும் உள்ளே நுழைய முடியாது. சுற்றுவதைத் தடுக்காத வெறும் அடாமிக்-டி வைத்துப் புதிதாக எண்ணாதீர்கள், தயவுசெய்து.

கடலூர் முதுநகரில் சர்வர் பார்ப்பவர்: பெரிய பதிவு (log) ஃபைலை அழித்தேன், டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை அதே அளவைக் காட்டுகிறது.

இதுவும் ரெஃபரன்ஸ் கவுண்ட்தான் சார். நீங்கள் எடுத்தது பெயரை. பெயர்களின் எண்ணிக்கை பூஜ்யமானாலும் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும்வரை டிஸ்க் இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்று ஓட்டினால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

காலாப்பட்டு மாணவர்: இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்?

இரண்டுமே 1-ல் நிற்கும், எதுவும் விடுபடாது. கேரெஃப் இதைக் கண்டுபிடிக்காது, எந்தப் பக்கம் பிடிக்காத வெறும் பாயிண்டர் என்பதை நீதான் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக சாக்கெட்டையே அனுப்ப முடியும் என்பதால் அங்கே இந்தச் சுழல் பயனர் கையிலேயே உருவாகும், அதற்காகவே லினக்ஸ் சோர்ஸின் நெட்/யூனிக்ஸ் டைரக்டரியில் கார்பேஜ் என்ற பெயரில் தனி சி ஃபைல் இருக்கிறது. பெரிய ஃபைல் இல்லை, இந்த வாரம் திறந்து படித்துப் பார் தம்பி, புரியாத வரியை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா.