குழந்தைகளுக்கான பரிசுப் பெட்டிகளை ஏன் ஆண்டு முழுவதும் சேகரிக்கிறீர்கள்? நவம்பரில் மட்டும் செய்தால் போதாதா?

ஒன்றிரண்டு பெட்டிகள் அனுப்புவதாக இருந்தால் நவம்பரே போதும். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்த் தேவையானதை வாங்கி, அன்று மாலையே அடுக்கி முடித்துவிடலாம். ஐம்பது, நூறு என்று எண்ணிக்கை ஏறும்போதுதான் ஆண்டு முழுவதும் சேகரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் எந்தப் பொருள் எந்த மாதத்தில் மலிவாகவும் தரமாகவும் கிடைக்கிறது என்பதே அதற்கு முதன்மையான காரணம். இதைத் தனிப்பட்ட பக்தியின் அடையாளமாகச் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள்; என்னைக் கேட்டால் இது பெரும்பாலும் சிக்கனமும் திட்டமிடலும்தான்.

நான் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் வசிக்கிறேன். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் இந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகளாக என் குடும்பமும் வேறு சில குடும்பங்களும் பகிர்ந்து கவனித்துவருகிறோம். காலணிப் பெட்டிகளில் பரிசுகளை அடுக்கிப் பல நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பும் ‘ஆபரேஷன் கிறிஸ்மஸ் சைல்ட்’ என்ற திட்டத்துக்குத்தான் நாங்கள் அனுப்புகிறோம். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபின் அங்கிருந்த அநாதை இல்லங்களின் அவலத்தைத் தொலைக்காட்சியில் கண்ட டேவ் குக் என்பவர், 1990இல் பிரிட்டனில் வேல்ஸின் ரெக்ஸம் நகரிலிருந்து லாரிகளில் மருந்து, உணவு, துணிமணிகளோடு கிறிஸ்துமஸ் பரிசுகளையும் ஏற்றிச் சென்றதில் இது தொடங்கியது. 1993 முதல் அமெரிக்க நற்செய்தியாளர் பிராங்க்ளின் கிரகாம் தலைமையிலான ‘சமாரிட்டன்ஸ் பர்ஸ்’ என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு இதை நடத்துகிறது. அதன் தலைமையகம் எங்கள் மாநிலத்தின் மலைப்பகுதியிலுள்ள பூன் என்ற ஊரில் இருக்கிறது. இதுவரை 20 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் 170க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றிருக்கின்றன. பெட்டிகளை ஒப்படைக்கும் தேசியச் சேகரிப்பு வாரம் ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் வாரத்தையொட்டி வந்து, நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளுக்கு முந்திய திங்கட்கிழமையோடு முடிந்துவிடும்.

இனிக் கடைக் கணக்குக்கு வருகிறேன். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை, பள்ளித் திறப்பை முன்னிட்டு வால்மார்ட், டார்கெட் போன்ற பெருங்கடைகளில் 24 நிறக் கிரேயான் பெட்டி, கோடு போட்ட நோட்டு, பென்சில் கட்டு, ரப்பர், ஷார்ப்னர் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கும் கீழே கிடைக்கும். நவம்பரில் அதே கிரேயான் பெட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். அதுவும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களுக்கு இடம்விட்டு அலமாரி மூலைக்கு ஒதுங்கியிருக்கும். எல்லைக்கு அப்பால் தென் கரோலினாவில் ஆகஸ்ட் முதல் வெள்ளியன்று தொடங்கி மூன்று நாள்கள் பள்ளிப் பொருள்களுக்கும் உடைகளுக்கும் விற்பனை வரி கிடையாது. எங்கள் மாநிலம் அந்தச் சலுகையை 2014இல் கைவிட்டுவிட்டதால், சார்லட்டின் தென்பகுதியில் வசிப்பவர்கள் அந்த மூன்று நாள்களில் எல்லையைத் தாண்டி அங்குள்ள ஃபோர்ட் மில் பக்கம் போய் வாங்கிவருவது வழக்கம்.

குளிர்காலத் தொப்பிகளும் கையுறைகளும் ஜனவரிக் கடைசியில் கழிவு விலைக்கு வரும். காதலர் தினமான பிப்ரவரி 14 முடிந்த மறுநாளும், ஈஸ்டர் முடிந்த வாரமும் சிறிய பஞ்சுப் பொம்மைகளுக்கு உரியவை. பொம்மையின் கையில் இதயப்படம் தைத்திருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை அதைப் பொருட்படுத்தாது. செருப்பு, சிறுமிகளுக்கான பருத்திக் கவுன் ஆகியவற்றை ஆகஸ்டுக்குப் பிறகு கோடைச் சரக்கைக் கழிக்கும்போது வாங்குகிறோம். இதற்கு மாறாக, எந்த மாதத்திலும் ஒரே விலைதான் என்ற பொருள்களை முன்கூட்டி வாங்கிச் சேமிப்பதில் பயனில்லை; முகம் துடைக்கும் சிறு துண்டும் சோப்பும் அந்த வகை. டாலர் ட்ரீ கடையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2021 இறுதியில் ஒரு சிக்கல் வந்தது. எல்லாமே ஒரு டாலர் என்றிருந்த அந்தக் கடை, விலையை 1.25 டாலராக உயர்த்தியது. ஒரு பெட்டிக்கு எட்டுப் பொருள் என்று வைத்துக்கொண்டால், நூறு பெட்டிகளுக்கு 200 டாலர் கூடுதல். எங்களைப் போன்ற சிறிய சபைக்கு அது பெரிய தொகை.

சேகரித்ததை எங்கே வைப்பது என்பது வாங்குவதைவிடக் கடினமான கேள்வி. அமெரிக்க வீடுகளில் எல்லாவற்றையும் காரோடு சேர்த்து கராஜில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. இந்தப் பொருள்களை அங்கே வைக்கக் கூடாது. சார்லட்டின் ஜூலை வெயிலில் மூடிய கராஜுக்குள் கிரேயான்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ரப்பர் பேண்டுகளும் தலைமுடிப் பட்டைகளும் நெகிழ்ச்சி இழக்கும், பேட்டரிகளின் ஆயுள் குறையும். குளிர்சாதன வசதியுள்ள அறையின் அலமாரி ஒன்றை ஒதுக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் வகைவாரியாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணிக்கையை எழுதி ஒட்டிவிடுங்கள். எண்ணிக்கை எழுதாவிட்டால், செப்டம்பரில் பார்க்கும்போது வீட்டில் முந்நூறு ரப்பர்களும் ஒரேயொரு கத்தரிக்கோலும் இருக்கும். ஆளாளுக்குத் தள்ளுபடியைக் கண்டு மகிழ்ந்து வாங்கினால் அப்படித்தான் ஆகும்.

அடுக்குவதில் எனக்கு மிகவும் பிடித்தது கால்பந்து. காற்றடைத்த பந்து காலணிப் பெட்டிக்குள் போகாது. காற்றடிக்கும் ஊசியை வால்வில் செருகி, பந்தை முழங்காலுக்கடியில் வைத்து அழுத்திக் காற்றை முழுவதும் வெளியேற்றியபின், ஒரு பாதியை மறுபாதிக்குள் கட்டைவிரல்களால் தள்ளினால் பந்து கிண்ணம் போலக் குழிந்து நிற்கும். அந்தக் குழிக்குள் ஒரு சட்டையையும் இரண்டு சோடி காலுறைகளையும் சுருட்டி வைக்கலாம். ஆகவே பந்து இடத்தை அடைப்பதில்லை. சிறிய கைப்பம்பையும் ஊசியையும் அதே பெட்டியில் வைத்தாக வேண்டும். ஊசி மிகச் சிறியது என்பதால் அதைப் பம்போடு சேர்த்து டேப்பால் சுற்றிவிடுகிறோம். அது தொலைந்தால் பந்தால் பயனில்லை. இதே முறையில் பென்சிலுக்கு ஷார்ப்னர், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி என்று ஒவ்வொரு பொருளுக்கும் துணைப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் எரியும் டார்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சோப்பைத் தனி ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் கடல்வழியே செல்லும் பல வாரங்களில் துணி, நோட்டு, பொம்மை அனைத்திலும் அதன் வாசனை ஏறிவிடும்.

வைக்கக் கூடாதவை பல. பயன்படுத்திய பொருள்கள், திரவங்கள், மருந்து, வைட்டமின், உடையக்கூடியவை, பொம்மைத் துப்பாக்கி போன்ற போர் தொடர்பானவை ஆகியவற்றோடு, சுங்க விதிகள் காரணமாக மிட்டாயும் பற்பசையும் தடைசெய்யப்பட்டுள்ளன. டூத்பிரஷை வைக்கலாம். எங்கள் சபையின் பாட்டிமார்களுக்கு இது இன்றுவரை சமாதானமாகவில்லை. “பிள்ளைக்கு ஒரு மிட்டாய்கூட வைக்காமல் அது என்னடா பரிசு” என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். கேட்பதோடு நில்லாமல், நாம் பார்க்காத நேரத்தில் மடியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போட்டும் விடுகிறார்கள். இங்கே சார்லட்டிலேயே பெட்டிகளைச் சரிபார்க்கும் மையம் ஒன்று இயங்குகிறது. அங்கே தன்னார்வலர்கள் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, இத்தகையவற்றை நீக்கிவிட்டு, டேப் ஒட்டி மூடுவார்கள். 13 வயது நிறைந்தவர்கள் அங்கே வேலை செய்யலாம் என்பதால், எங்கள் இளைஞர் குழு டிசம்பரில் ஒரு நாள் முன்பதிவு செய்துகொண்டு போகிறது.

பெட்டியின் மேல் ஆணா பெண்ணா என்பதையும், 2–4, 5–9, 10–14 என்ற மூன்று வயதுப் பிரிவுகளில் எது என்பதையும் குறிக்க வேண்டும். எல்லோரும் ஐந்து வயதுச் சிறுமிக்கே அடுக்க விரும்புகிறார்கள். கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் கண்ணைக் கவரும் பொருள்கள் அவ்வளவு இருக்கின்றன. 10–14 வயதுச் சிறுவர்களுக்கான பெட்டிகளே எப்போதும் பற்றாக்குறை. ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒரு குடும்பம் இரண்டு பெட்டிகள் அடுக்கினால் ஒன்று அந்த வயதுப் பையனுக்கு. பந்து, சிறிய ஸ்க்ரூடிரைவர் தொகுப்பு, மீன்பிடி நரம்பு, வடிவியல் பெட்டி, தொப்பி என்று அவனுக்கு வைக்கவும் நிறைய உண்டு. சுத்தியல் வைத்தால் பெட்டி கனத்துவிடும் என்று மட்டும் எச்சரிக்கிறேன்.

பணம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். பொருள்களுக்கு ஆகும் செலவைத் தவிர, அனுப்பும் செலவுக்காகப் பெட்டி ஒன்றுக்கு 10 டாலர் நன்கொடையை அமைப்பு கேட்கிறது. அதை இணையத்தில் செலுத்தினால் ஒரு கண்காணிப்புச் சீட்டு கிடைக்கும். பெட்டி எந்த நாட்டுக்குப் போனது என்பது சில மாதங்களுக்குப் பிறகு மின்னஞ்சலில் வரும். பல பெட்டிகள் கிறிஸ்துமஸுக்கு நெடுநாள் கழித்தே குழந்தைகளின் கைக்குச் சேர்கின்றன.

கேள்வியில் நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பெட்டிகளை வழங்குபவை அந்தந்த ஊர்ச் சபைகள். வழங்கும்போது நற்செய்தி சொல்லப்படும், உள்ளூர் மொழியில் ஒரு கிறிஸ்தவக் கையேடு கொடுக்கப்படும், விரும்பும் குழந்தைகளுக்குப் பின்னர் 12 பாடங்கள் கொண்ட வகுப்பும் நடக்கும். இந்தத் திட்டத்தின் நோக்கமே அதுதான். அமைப்பும் அதை மறைப்பதில்லை. ஆயினும் சேகரிக்கும் இடங்களில் பலரும் இதைச் சொல்லாமல் “ஏழைக் குழந்தைகளுக்குப் பரிசு” என்று மட்டும் சொல்லிப் பொருள் வாங்குகிறார்கள். அது நேர்மையல்ல என்பது என் கருத்து. எங்கள் அடுக்ககத்திலுள்ள இந்து, முஸ்லிம் நண்பர்கள் ஏதாவது கொடுக்க முன்வந்தால், முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன். சிலர் கொடுத்திருக்கிறார்கள், சிலர் மறுத்திருக்கிறார்கள், இரண்டும் நியாயமே. அந்தப் பணத்துக்கு அந்தந்த நாட்டிலேயே பொருள் வாங்கினால் அங்குள்ள கடைக்காரருக்கும் பிழைப்பு நடக்குமே என்ற விமர்சனமும் உண்டு. அதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. இது வறுமையை ஒழிக்கும் திட்டமல்ல, பரிசு மட்டுமே என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறேன். நிவாரணத்துக்கான பணத்தை வேறு வழியில் தனியாகக் கொடுக்கிறோம்.

மத நோக்கம் உங்களுக்கு ஒவ்வாது, ஆனால் குழந்தைகளுக்குச் செய்ய விருப்பம் என்றால், அமெரிக்காவில் ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ இருக்கிறது. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய அதை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ரிசர்வ் பிரிவு நடத்துகிறது. புதிய, பரிசுத்தாள் சுற்றாத பொம்மைகளை அவர்கள் வாங்கிக்கொண்டு உள்ளூர்க் குழந்தைகளுக்கே கொடுக்கிறார்கள். பெட்டியளவு, எடை, சுங்கம் என்ற கட்டுப்பாடுகள் இல்லாததால், ஜனவரிக் கழிவில் வாங்கிய பெரிய பலகை விளையாட்டுகளையும் பொம்மை லாரிகளையும்கூட அங்கே கொடுக்கலாம். அங்கும் பதின்வயதினருக்கான பொருள்களே குறைவாக வருகின்றன. ஆகவே அந்த வயதினருக்கு ஏற்றவற்றை முதலில் வாங்கி வையுங்கள்.