கடுகு என்ற பூனை

அன்புள்ள அக்கா,

விலங்குகள் காப்பகத்தில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் கடுகு பற்றி எழுதியிருந்தீர்கள். பின்னங்கால் இரண்டும் வராது, மூத்திரம்கூடத் தானாகப் போகாது என்றால், ஊசி போட்டு விடுவித்துவிடுவதுதானே கருணை? குற்றம் சொல்லவில்லை. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல் வாரம் இதே கேள்வியோடுதான் நானும் அவள் கூண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதுகெலும்பில் அடிபட்டு வந்தவள். பின்னங்கால், வால், மூத்திரப்பை எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

சிரமத்தை மறைக்க மாட்டேன். தினம் மூன்று வேளை மூத்திரப்பையை நாங்கள்தான் அழுத்திக் காலி செய்கிறோம். வயிற்றுக்கடியில் கை கொடுத்தால், நிறைந்த பை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு விரலில் தட்டுப்படும். அதை நழுவவிடாமல் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பைக்கே ஆபத்து. அரைகுறையாக விட்டால் தேங்கியதில் கிருமி சேரும். மருத்துவர் பக்கத்தில் நின்று, என் கைமேல் கை வைத்துக் காட்டித்தான் பழகினேன். அப்புறம், தரையில் இழுபடும் தோல் புண்ணாகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பின்னங்கால் நகங்களையும் நாம்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வளைந்து பாதத்திலேயே குத்தும்.

இதற்கெல்லாம் அவள் அடங்கிக் கிடப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுப்பாள். பிறகு என் மணிக்கட்டில் ஒரு அடி, நகம் நீட்டாமல். அதற்கும் விடவில்லையென்றால் அடுத்த அடி நகத்தோடு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று பார்த்துத்தான் அந்தப் பெயரே வைத்தோம். விட்டதும் முன்னங்கால் இரண்டையும் போட்டுப் போட்டு ஓடுவாள். தோள் இரண்டும் அப்படித் திரண்டிருக்கும். சன்னல் திரையில் நகத்தை மாட்டி, மொத்த உடம்பையும் கையாலேயே இழுத்துத் திண்டில் ஏறுவாள். அவளைவிட இரண்டு மடங்கு பெரிய கடுவன் ஒன்று அங்கே படுத்திருக்கும். இவள் தலை தெரிந்ததும் எழுந்து இடம் விட்டுவிடும். சக்கர வண்டி ஒன்று பூட்டிப் பார்த்தோம். அப்படியே சாய்ந்து படுத்துவிட்டாள், கழற்றிய பிறகுதான் அசைந்தாள். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பூனை வலியை வெளியே காட்டாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். வலியிலும் கர்ரென்று குறுகுறுக்கும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. 2019ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பூனை முகத்தை வைத்து வலியை அளக்க ஒரு முறை வகுத்து வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை நிற்கிற விதம் என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 10க்கு 4 வந்தாலே வலிமருந்து பற்றி யோசிக்க வேண்டும். போன முறை கிருமித்தொற்று வந்தபோது இதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். காது இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்து, கண் பாதி மூடியிருந்தது. அழுத்தும்போது என்னை அடிக்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சிகிச்சை தொடங்கி மூன்றாம் நாள் மணிக்கட்டில் அடி விழுந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஊசி போடவே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். மருந்துக்குக் கட்டுப்படாத வலியோடு கிடந்த இன்னொரு பூனையை மடியில் வைத்துக்கொண்டு, போடச் சொல்லியிருக்கிறேன். அது சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கடுகு தட்டை நக்கி முடித்துவிட்டு அடுத்தவர் தட்டுக்குப் போகிறாள். கால் வராததை நினைத்துத் துக்கப்படுவது நாம்தான், தம்பி. அவளிடம் நான் அதைப் பார்த்ததில்லை.

ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். சனிக்கிழமை காலையில் நகம் வெட்டுவோம், பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா