லிமிட்டரை எடுத்தால் வண்டி பறக்குமா? சிறிய ஸ்போர்ட்ஸ் பைக் பற்றிய கேள்வி பதில்

பெங்களூரு விவேக் நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருசக்கர வண்டிப் பட்டறை நடத்தி வருகிறேன். 150 முதல் 250 சிசி வரையிலான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் கம்பெனி வைத்து அனுப்பும் லிமிட்டரை (வண்டியின் வேகத்தையோ எஞ்சினின் சுழற்சியையோ ஒரு வரம்புக்கு மேல் போகவிடாத அமைப்பு) எடுப்பது குறித்து இவ்வூர்த் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அல்சூர்): அண்ணா, என் 155 சிசி வண்டி 130-ஐத் தாண்ட மறுக்கிறது. லிமிட்டரை எடுத்துவிட்டால் 150 போகுமா?

பதில்: தம்பி, உங்கள் வண்டியைத் தடுத்து நிறுத்துவது எது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வேகம் மெல்ல மெல்ல ஏறி, எந்த உதறலும் இல்லாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால், அது லிமிட்டரின் வேலை அன்று, எதிர்க்காற்றின் வேலை. விட்டு விட்டு இழுத்து எஞ்சின் ‘கட்’ ஆவதும், அந்த நேரத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மீட்டரில் உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டில் இருப்பதும் சேர்ந்து நடந்தால் அது ஆர்பிஎம் லிமிட்டர். சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே, ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் கட் ஆனால் மட்டுமே அதை வேக லிமிட்டர் என்று சொல்லலாம். என் பட்டறைக்கு ‘லிமிட்டரை எடுங்கள்’ என்று வந்த சிறிய வண்டிகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை.

காற்றை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) உயர்கிறது. 130-லிருந்து 150-க்குப் போக ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். அதாவது 18 குதிரைத்திறன் தரும் எஞ்சின் 27 குதிரைத்திறன் தர வேண்டும். எந்த லிமிட்டரை எடுத்தாலும் அந்த ஒன்பது குதிரைத்திறன் எங்கிருந்தும் வந்துவிடாது. மேலும், மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால், கம்பெனிகள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அதை அமைக்கின்றன. ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் உங்கள் 130 அதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): ஐயா, ஆர்பிஎம் லிமிட்டரையாவது எடுக்கலாமா? இசியு-வை (எஞ்சினை இயக்கும் கணினி) திருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் நண்பனுக்கு ‘ஓப்பன் சிடிஐ’ (ஆர்பிஎம் வரம்பு இல்லாத இக்னிஷன் பெட்டி) போடச் சொல்கிறார்கள்.

பதில்: செய்ய முடியும், செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். 58.7 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) கொண்ட எஞ்சின் 10,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது பிஸ்டன் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 167 முறை மேலும் கீழும் போய் வருகிறது. அதன் சராசரி வேகம் நொடிக்கு 19.5 மீட்டரைத் தாண்டுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுப்பது கனெக்டிங் ராடு. அதன் மேல் விழும் இழுப்பு ஆர்பிஎம்மின் இருமடிப் பெருக்கமாக (ஆர்பிஎம் × ஆர்பிஎம்) கூடுவதால், 10,000-ஐ 11,000 ஆக்கினால் வேகம் பத்து விழுக்காடும் சுமை இருபத்தொரு விழுக்காடும் உயர்கின்றன. அதே வேளையில் வால்வு ஸ்பிரிங், வால்வைத் திறக்கும் கேம் திரும்பும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வால்வை மூட முடியாமல் பின்தங்கத் தொடங்குகிறது.

பின்தங்கினால் என்ன ஆகும் என்பதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓப்பன் சிடிஐ போட்ட ஒரு 150 சிசி வண்டி, நான்கு மாதங்களில் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டிக்கொண்டு நகக்கண் அளவில் பிறை வடிவப் பள்ளம் ஒன்று பளபளவென்று தெரிந்தது. அதற்கு நேர் மேலே இருந்த வால்வு பிஸ்டனில் மோதி வளைந்து, சீட்டில் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தது. வண்டியைக் கொண்டுவந்த பையன் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றதை நான் மறக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு மேல் இந்த எஞ்சின்களின் திறன் பெரும்பாலும் இறங்குமுகமாகவே இருக்கிறது என்பதால், அவ்வளவு இழந்தும் அவருக்குக் கிடைத்தது சத்தம் ஒன்றுதான்.

கேள்வி (மர்பி டவுன்): ஒரு வயரை வெட்டினால் போதும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்களே?

பதில்: அவர்கள் காட்டும் வண்டிகள் வேறு. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கு வந்த வண்டிகளுக்கு 180 கி.மீ. வரம்பு வைக்கப்பட்டிருந்தது, ஐரோப்பாவில் 50 சிசி மொபெட்டுகளை 45 கி.மீ.-க்குக் கட்டுப்படுத்துகிறார்கள். நம் ஊர் 150 சிசி வண்டியில் அப்படி ஒரு வயர் இல்லை. வேறு எதையாவது வெட்டினால் எஞ்சின் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): என் வண்டியில் உண்மையிலேயே வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. வேகத்தை அளக்கும் சென்சாருக்கும் இசியு-வுக்கும் நடுவே ஒரு சிறிய பெட்டியைப் பொருத்தினால் சரியாகிவிடுமாமே?

பதில்: அந்தப் பெட்டி, உண்மையான வேகத்தைக் குறைத்து இசியு-விடம் பொய் சொல்கிறது. அந்தச் சென்சாரையே நம்பி மீட்டரும் ஓடோமீட்டரும் இயங்கும் வண்டிகளில் அவையும் பொய் சொல்லத் தொடங்கும். ஓடிய கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகி, சர்வீஸ் கணக்கும் மறுவிற்பனைக் கணக்கும் தவறாகிவிடும். சக்கரச் சென்சாரில் கை வைத்தால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) செயலிழக்க வாய்ப்பு உண்டு. வேகத்தைக் கூட்டுவதற்காகப் பிரேக்கின் கண்ணைக் குத்துவதை நான் எந்த நாளும் செய்து தர மாட்டேன்.

கேள்வி (சிவாஜி நகர்): சட்டப்படி இதில் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். மைசூர் விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் முதன்மைப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

கேள்வி (ஜீவன் பீமா நகர்): சென்னையில் நன்றாக இழுத்த வண்டி இங்கே மந்தமாகிவிட்டது. கம்பெனி ஏதாவது பூட்டு வைத்திருக்கிறதா?

பதில்: பூட்டு எதுவும் இல்லை அம்மா. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் திறனும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பிக்-அப்பில் அது தெரியும். எதிர்க்காற்றும் அதே அளவில் மெலிவதால் உச்ச வேகம் பெரிதாக மாறாது.

கேள்வி (கே.ஜி.எஃப்.-இலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்): அண்ணா, எனக்குச் சாலையில் ஓட்ட ஆசையில்லை, டிராக்கில்தான் ஓட்டப்போகிறேன். எதில் தொடங்கலாம்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கும் நமக்கு ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடியவை. லிமிட்டரைத் தொடாமல் டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கவாட்டில் 140/70-17 66S என்பது போல எழுதியிருக்கும். கடைசி எழுத்துதான் வேக வரம்பு. P என்றால் 150, S என்றால் 180, H என்றால் 210 கி.மீ. விலை குறைவு என்று மாற்றிய டயரில் அந்த எழுத்து கீழே இறங்கியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்தது பிரேக்: 130-ஐவிட 150-இல் நிறுத்த வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், ஆகவே புதிய பிரேக் ஆயிலும் நல்ல பேடும் போட்டுக்கொள்ளுங்கள்.

நேர்ப்பாதையில் எஞ்சின் லிமிட்டரைத் தொட்டுக்கொண்டே இருந்தால், முன் ஸ்ப்ராக்கெட்டை (செயினை இழுக்கும் பல்சக்கரம்) 14 பல்லிலிருந்து 15-ஆக மாற்றிப் பாருங்கள். அதே ஆர்பிஎம்மில் ஏழு விழுக்காடு வேகம் கூடும், எஞ்சினுக்கு ஆபத்து இல்லை. அதன் பிறகு ஆறாவது கியரில் இழுக்கத் திணறினால், காற்றோடு மோதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பழைய ஸ்ப்ராக்கெட்டையே திரும்பப் போட்டு, டேங்கில் நெஞ்சு படும்படி குனிந்து, முழங்கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.